செவலைக்கு முனகத் தெரியாது

அம்மா காரைக் கிளப்பினால் எங்கள் அடுப்படி அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் நடக்கத் தொடங்கும். ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, கிணுகிணுத்துக்கொண்டு, அலமாரியின் விளிம்பு வரை வந்து நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம், முன்பு செவலை மாடு கட்டியிருந்த கொட்டகையில், அந்த மாட்டின் நிறத்திலேயே ஒரு பழைய பெட்டிக் கார் நின்று, நின்ற இடத்திலேயே உடம்பை உலுக்கிக்கொண்டிருக்கும். மாட்டை விற்ற பிறகு வந்த வண்டி என்பதால் அதற்கும் "செவலை" என்றே பெயர் நிலைத்துவிட்டது. உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவே இருந்த எங்கள் ஊரில், செவலை கிளம்பினால் மணி பார்க்காமலே அம்மா வெளியே போகிறாள் என்று ஊர் தெரிந்துகொள்ளும்.

அந்தக் காலம் போல வருமா என்று கண்ணைக் கசக்குவதற்காக இதை எழுதவில்லை. அந்தக் காலத்தில் எனக்குப் பிடிக்காதவை நிறைய இருந்தன, அவற்றில் பல இன்றும் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரிகின்றன. ஒரு கார்புரேட்டரை எப்படி ட்யூன் செய்வது என்பதை வைத்து எங்கள் வீட்டில் நடந்த சண்டையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சண்டையில் யார் பக்கம் நான் என்பதை ஒளிக்கப் போவதும் இல்லை.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் கோயம்புத்தூர். அவளுடைய அண்ணன் அங்கே கார்ப் பந்தயம் ஓட்டியவர். ஊரெல்லாம் சாதுவாக ஓட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பக் காரை வாங்கி, எஞ்சினைப் பிரித்துக் கடைந்து, ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டை மாட்டி, அதைப் பந்தயக் குதிரையாக்கி வைத்திருந்தார். பந்தயத்துக்கு முந்தைய நாள் அந்த இரண்டையும் ஒத்து ஓட வைக்கும் வேலை அம்மாவுடையது. மாமாவுக்குச் சிறுவயதிலிருந்தே ஒரு காது மந்தம், அம்மாவுக்குப் பாம்புக் காது. கல்யாணம் பேசியபோது அவளுக்கு என்ன வேண்டும் என்று மாமா கேட்க, ஒட்டியாணம் வேண்டாம், அந்தப் பந்தயக் கார்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அப்படிச் சீர்வரிசையாக வந்ததுதான் செவலை. ஓட்டிக்கொண்டு வந்தவளும் அவளேதான், பக்கத்து இருக்கையில் மாலையோடு அப்பா.

கார்புரேட்டரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான் அது. பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் பட்டினி கிடந்து இருமும், கூடினால் திணறிக் கரும்புகை கக்கும். எவ்வளவு என்பதை ஒரு சின்னத் திருகு முடிவு செய்யும், அந்தத் திருகை ஒரு மனிதக் கை முடிவு செய்யும். அந்தக் கை யாருடையது என்பதுதான் எங்கள் வீட்டில் வழக்கு.

பெரியப்பாதான் எங்கள் கூட்டுக் குடும்பத்துக்குத் தலை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பண்டிகைக்குத் தன் பிள்ளைகளுக்கு என்ன துணியோ அதே துணிதான் எனக்கும் எடுப்பார். ஆனால் அவருக்குச் சத்தம் ஆகாது. கதவு அறைந்தால் ஆகாது, பெண்கள் சிரித்தால் ஆகாது, கரண்டி கீழே விழுந்தாலும் "என்னா அங்க" என்று கூடத்திலிருந்து கேட்பார். கார் வாங்கப் போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் ஒரு சோதனை செய்வார்கள்: ஒரு செம்பில் தளும்பத் தளும்பத் தண்ணீர் நிரப்பி, ஓடுகிற எஞ்சினுக்கு மேலே பானெட்டின் மீது வைப்பார்கள். ஒரு சொட்டும் சிந்தவில்லை என்றால் "ஐட்லிங்" நன்றாக இருக்கிறது, வண்டி நல்ல வண்டி. நிற்கும்போது முனகவும் கூடாது, நடுங்கவும் கூடாது. செவலை வந்த மறுவாரமே பெரியப்பா செம்பை எடுத்து வைத்துவிட்டார். பாதித் தண்ணீர் கண்ணாடியில் தெறித்தது. அன்றிலிருந்து அவருக்கு அது குற்றவாளி.

பந்தய எஞ்சின் நிற்கும்போது குலுங்கத்தான் செய்யும். வேகமாகச் சுழல்வதற்காகவே கடைந்து வைத்த எஞ்சினை மெதுவாகச் சுழலச் சொன்னால் அதற்கு மூச்சு முட்டும். அம்மா இதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். பெரியப்பாவோ வண்டியைப் பெரம்பலூரில் பட்டறை வைத்திருந்த யூசுப் பாயிடம் அனுப்பிக்கொண்டே இருந்தார். பாய் கைராசிக்காரர், வாடகைக் கார்க்காரர்களெல்லாம் அவரிடம்தான் வருவார்கள். அவருடைய "மைலேஜ் செட்டிங்" பெயர் பெற்றது. திருகை உள்ளே முறுக்கி, ஜெட் எனப்படும் பித்தளைத் துளையைச் சின்னதாக மாற்றி, துளிப் பெட்ரோலில் தூரம் போக வைப்பார். அது போதாதென்று, அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசிக்குப் பயந்து, காற்றுப் போகிற வாய்களில் பழைய வேட்டித் துணியை வேறு இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுவார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். எங்கள் பக்கத்துக் கார்கள் பாதிக்கு அப்படித்தான் வாய் கட்டியிருக்கும். பாயின் கைபட்டு வந்த செவலை செம்புச் சோதனையில் தேறிவிடும். ரோட்டில் ஏறி ஆக்சிலேட்டரை மிதித்தால் மட்டும் தும்மும், இருமும், நடுவழியில் செத்துப்போகும்.

ஆக, வீட்டில் நல்ல பெயர், வெளியில் மானக்கேடு. அம்மா சும்மா இருக்கவில்லை. பாய் கழற்றிக் கொடுத்த பழைய ஜெட்களை ஒரு சாந்துப்பொட்டு டப்பியில் போட்டு வைத்திருந்தாள். பெரியப்பா கொல்லைக்குப் போன நேரம் பார்த்து மாட்டுவாள், செவலை பிழைத்துக்கொள்ளும், டம்ளர்கள் நடக்கும். மறுபடி செம்பு வரும், மறுபடி பெரம்பலூர். பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னைப் பார்த்தால் "டுர்ர்... டப்" என்று சத்தம் போட்டு நொண்டியடிப்பார்கள். நான் ஒருத்தனைப் பிடித்துத் தள்ளி முட்டியைப் பேர்த்தேன். அதற்காக வருத்தப்பட்டதே இல்லை, இன்றைக்கும் இல்லை.

எல்லாம் முடிவுக்கு வந்தது அரியலூர் ரயில்வே கேட்டில். கல்யாணம் ஒன்றுக்காகப் பெரியப்பா பட்டு வேட்டியில் முன்னால் உட்கார்ந்திருக்க, அம்மா ஓட்ட, அப்பாவும் நானும் பின்னால். பாயின் செட்டிங்கில் அடங்கி ஒடுங்கி இருந்த செவலை, கேட் திறந்ததும் தண்டவாளத்தின் மேல் ஏறி, ஒரு தும்மல் தும்மி நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் லாரிகள் ஹாரன் அடிக்க, கேட்கீப்பர் கத்த, பெரியப்பா இறங்கி, அந்தப் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து வண்டியைத் தள்ளினார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: பங்குனிக்குச் செட்டிகுளம் போகும்போது வண்டியைப் பாய் பட்டறையில் விட்டுவிடலாம், எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் எஞ்சின் மாற்றிவிடலாம். அப்போது பெட்ரோல் கார்களுக்கு டீசல் எஞ்சின் வைப்பது வழக்கம்தான். அப்பா "அண்ணன் சொன்னாச் சரி" என்றார். எனக்கோ அழுகை முட்டியது. பிறந்த வீட்டிலிருந்து அம்மா கொண்டு வந்தவற்றில் மற்றதெல்லாம் எப்போதோ எங்கள் வீட்டுச் சாமானாகக் கலந்துவிட்டிருந்தது, அந்த எஞ்சின் ஒன்றுதான் இன்னும் அவளுடையதாக இருந்தது.

பங்குனியில் செட்டிகுளத்து மலை முருகனுக்குப் போவது எங்கள் குடும்ப வழக்கம். பெரியப்பாவும் அப்பாவும் பாயிடம் பேச்சை முடிக்க முதல் நாளே பஸ் ஏறிப் பெரம்பலூர் போய்விட்டார்கள். மறுநாள் காலை அம்மாவும் நானும், தும்மித் தும்மி நின்ற செவலையோடு, பட்டறை போய்ச் சேர்ந்தோம். டீசல் எஞ்சின் இரண்டு பலகைகளின் மேல் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. அம்மா அதைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பாயிடம் போய், கழற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு தரம் என் கையால் செட் பண்ணிக்கொள்கிறேன் என்று கேட்டாள். பாய் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா, செட்டிகுளம் வரைக்கும் போயிட்டு வரட்டும், வந்து கழற்றிக்கலாம் என்பதுபோலக் கையை அசைத்தார். பாய் தன் ஸ்குரூ டிரைவரைத் துடைத்து அம்மாவிடம் நீட்டி, "அல்லா மேல பாரத்தப் போட்டு பண்ணுங்கம்மா" என்றார்.

அம்மா முதலில் வேட்டித் துணியை அவிழ்த்து எறிந்தாள். பிறகு சாந்துப்பொட்டு டப்பியைத் திறந்து, சொந்த ஜெட்களை ஊதி ஊதி மாட்டினாள். எஞ்சினுக்குள் தீப்பொறி போடும் ப்ளக்குகளைக் கழற்றிக் காட்டினாள். நுனியெல்லாம் வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தது, பட்டினி எஞ்சினுக்கு அதுதான் அடையாளம். வண்டியைக் கிளப்பி நன்றாகச் சூடேற விட்டு, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையை முதல் கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, காற்று உள்ளே போகும் சத்தத்தைக் கேட்டாள். பிறகு இரண்டாவதில் வைத்துக் கேட்டாள். இரண்டும் ஒரே சுருதியில் சீறும் வரை அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சமாகத் திருகினாள். அடுத்தது பெட்ரோல் திருகு: எஞ்சின் தடுமாறும் வரை உள்ளே, பிறகு அது தெளிந்து குரல் எழுப்பும் வரை வெளியே. ஒரு நூல் கூட, ஒரு நூல் குறைய. வியர்வை அவள் மூக்கு நுனியில் நின்றது, துடைக்கவில்லை. பட்டறைக்கு வெளியே தெருவில் ஓட்டி வந்து மறுபடி ஒரு ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தாள். வறுத்த கொத்தமல்லி நிறத்தில் இருந்தது, அளவாக ஊட்டிய எஞ்சினின் நிறம் அது. பாய் அதை வாங்கிப் பார்த்து, தலையை ஆட்டி, தானே மாட்டினார். கடைசியாக அம்மா, எல்லாரும் பார்க்க, ஐட்லிங் திருகை ஏற்றி வைத்தாள். செவலை உடம்பை உலுக்கிக்கொண்டு முழங்க ஆரம்பித்தது. பக்கத்து டீக்கடைக்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

பெரியப்பா டீக்கடையிலிருந்து ஒரு செம்பை வாங்கி, விளிம்பு வரை நிரப்பி, பானெட்டின் மேல் வைத்தார். தண்ணீர் நாலு பக்கமும் சிந்தியது. "நெறகொடம் தளும்பாதும்மா" என்றார், கோபமில்லாமல், முடிந்துபோன விஷயத்தைச் சொல்வதுபோல.

அம்மா அதற்கு முன்னால் அவர் முகத்துக்கு நேரே பேசி நான் பார்த்ததில்லை. "எறக்கி வெச்ச கொடம் தளும்பாது பெரியத்தான். தூக்கிக்கிட்டு நடக்குறவளுக்குத்தான் அது தளும்புறது தெரியும்" என்றாள். பிறகு செம்பை எடுத்து, மிச்சமிருந்த தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டு, செம்பை டீக்கடைப் பலகையில் வைத்தாள். "ஏறுங்க, நேரமாவுது."

பெரியப்பா முன்னால், அப்பாவும் நானும் பின்னால். பெரம்பலூர்ப் பாலக்கரை தாண்டித் திருச்சி ரோட்டில் ஏறும் வரை அம்மா அடக்கித்தான் ஓட்டினாள். அன்றைக்கு அது இருவழிச் சாலை, முன்னால் கல் லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. எதிரே காலியானதும் ஒரு மிதி மிதித்தாள். தும்மவில்லை, இருமவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்த மூச்சையெல்லாம் ஒரே இழுப்பில் இழுத்தது போல செவலை எழும்பியது. என் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. லாரிகள் பின்னால் போயின. அந்தக் குரலை எனக்குச் சொல்லத் தெரியவில்லை, வயிற்றுக்குள் கேட்டது என்று மட்டும் சொல்வேன். நான் வாய் விட்டுச் சிரித்தேன். பெரியப்பா திரும்பிப் பார்த்தார், அப்போதும் சிரித்தேன். சிறுவாச்சூர் போனதே தெரியவில்லை, ஆலத்தூர் கேட்டில் திரும்பும்போதுதான் அப்பா கண்ணைத் திறந்தார். செட்டிகுளம் மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தியபோது, வழியில் ஒரு தடவைகூட எஞ்சின் நின்றிருக்கவில்லை.

சாமி கும்பிட்டு இறங்கி, நெற்றியில் விபூதியோடு வண்டி அருகே வந்து நின்றோம். ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வண்டி ஓடுதும்மா. இல்லேங்கல. ஓடாதுன்னு நான் சொன்னதே ஒரு பேச்சுக்கு. நீ போனா ரோட்டுல இருக்குறவன்லாம் திரும்பித் திரும்பிப் பாக்குறான், அதான் எனக்கு ஆவல. நம்ம வூட்டுப் பொம்பள போறது நாலு ஊருக்குக் கேக்க வேணாம். டீசல்னா வாடகை வண்டிச் சத்தம், எவனும் திரும்ப மாட்டான். பாய்கிட்ட விட்டுட்டுப் போயிருவோம்."

இத்தனை வருடம் திருகைப் பழித்தார்கள், ஜெட்டைப் பழித்தார்கள், தூசியைப் பழித்தார்கள். கோளாறு கார்புரேட்டரில் இல்லை என்பது அவருக்கு முதலிலேயே தெரியும். எனக்கு அந்த வயதில் இதைச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் காது மடல் இரண்டும் எரிந்தது நினைவிருக்கிறது. அம்மா அவரை நன்றாக ஒரு தரம் பார்த்தாள். இதை அன்னைக்கே சொல்லியிருந்தால் இந்த எஞ்சினையாவது இத்தனை நாள் பட்டினி போடாமல் இருந்திருக்கலாமே என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

"பெரியத்தான பஸ்ஸுல பத்தரமா கூட்டிக்கிட்டு வந்துருங்க."

என்னை முன்னால் ஏறச் சொன்னாள். அப்பா ஓர் அடி எங்கள் பக்கம் வைத்தார், பிறகு அண்ணனைப் பார்த்து நின்றுவிட்டார். செவலை மலையடிவாரமே அதிரக் கிளம்பியது. கும்பலாக வந்த பக்தர்கள் வழி விட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன், இரண்டு பேரும் விபூதியும் வேட்டியுமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

பெரம்பலூரில் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே, டீசல் எஞ்சினை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள் அம்மா. பாய் ரோட்டிலேயே வந்து நின்றிருந்தார். "திருப்பத்துல வரும்போதே காதுல கேட்டுருச்சும்மா, மாஷா அல்லா" என்றார். அண்ணன் தம்பி இருவரும் பஸ் மாறி பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தார்கள். வழியில் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று அப்பாவிடம் பல வருடம் கழித்துக் கேட்டேன். "ஒண்ணும் பேசல. அண்ணன் டிக்கெட் எடுத்துச்சு, நான் சன்னலோரம் உக்காந்துக்கிட்டேன்" என்றார்.

அம்மாவுக்கு இது சும்மா கிடைத்த வெற்றி இல்லை. அந்த ஆண்டே எங்களுக்குத் தனி அடுப்பு. பாகம் பிரித்தபோது கிணறு உள்ள பக்கம் எங்களுக்கு வரவில்லை, வானம் பார்த்த முந்திரிக் கொல்லைதான் வந்தது. பெரியம்மா நல்ல நாளில்கூட எங்கள் வாசலை மிதிக்கவில்லை. பெரியப்பா என் கல்யாணத்துக்கு முறையாக வந்து, முறையாகச் சீர் வைத்து, முறையாகப் போனார். அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னாளில் அவருக்கு நெஞ்சு வலி வந்தபோது செவலைதான் அவரைத் தூக்கிக்கொண்டு பறந்தது என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர் ஆம்புலன்ஸில்தான் போனார். அம்மா பார்க்கப் போய், கட்டில் ஓரம் நின்றுவிட்டு வந்தாள். மன்னிப்பு அவரும் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை. இவள் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் இன்றைக்கும் என் கட்சி.

செவலை அதற்குப் பிறகு நெடுங்காலம் ஓடியது. தரை துருப்பிடித்து ரோடு தெரிய ஆரம்பித்ததும், அம்மாவே அதைப் பெரம்பலூர் பழைய இரும்புக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். கார்புரேட்டர் ஒன்றையாவது ஞாபகத்துக்கு எடுத்து வைப்போம் என்று நான் கெஞ்சினேன். ஊதாத குழலை அடுப்பங்கரையில் வைத்து என்ன செய்வது என்று சொல்லி இரண்டையும் வண்டியோடே விட்டுவிட்டாள். அப்போது எனக்குக் கோபம்தான். இப்போது அவள் செய்தது சரி என்று படுகிறது. ஓடியதைத்தான் அவள் காதலித்தாள், கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் சாமானை அல்ல.

இன்று திருச்சி ரோடு நான்கு வழியாகிவிட்டது. பாயின் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. இரண்டு கார்புரேட்டர் வைத்து, இப்படிக் காதால் ஒத்துப் பார்த்து ஓட்டுகிற கார் இந்த மாவட்டங்களில் ஒன்று மிச்சமிருந்தாலும் எனக்கு ஆச்சரியம்தான். எல்லாம் போனதில் எனக்குப் பெரிய துக்கமில்லை. போகாதது ஒன்று இருக்கிறது, அதுதான் உறுத்துகிறது. போன மாதம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், பெரியப்பாவின் மூத்த மகன் என் மகளைப் பார்த்து, பொம்பளப் பிள்ளை இவ்வளவு சத்தமாகப் பேசலாமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். என் மகள் பதிலைச் சத்தமாகவே சொன்னாள். அம்மா பாயசத்தைக் குடித்தபடி தலை நிமிராமல் இருந்தாள்.

திரும்பி வரும்போது என் காரில் முன்னால் அம்மா. ஏசி போட்டு, கண்ணாடி ஏற்றி, எஞ்சின் ஓடுவதே தெரியாத வண்டி. கொஞ்ச தூரம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தவள், இதை யார் செட் பண்ணியது என்று கேட்டாள். கம்பெனியிலேயே கம்ப்யூட்டர் செட் பண்ணி மூடி வைத்துவிடுவார்கள், நாம் கை வைக்க முடியாது, கை வைக்கவும் கூடாதாம் என்றேன். அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எண்பதை நெருங்குகிறவள், தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"கை வெக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?" என்றாள். "ஓரங்கட்டு. பானெட்டத் தொற, பாப்போம்."

நான் இண்டிகேட்டரைப் போட்டு, வண்டியை ஓரம் கட்டினேன்.